ஆறு கிலோமீட்டர் வேகத்தில் கடற்கரைச் சாலை

மணிக்கு 6 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 1.67 மீட்டர். வெளியில் ஓட்டக்கூடிய பேட்டரி வீல்சேர்கள் பலவற்றின் வேகம் இதையொட்டித்தான் இருக்கும். 7 மீட்டர் அகலமுள்ள இருவழிச் சாலையை இந்த வேகத்தில் கடக்க நான்கு விநாடிக்குக் கொஞ்சம் கூடுதலாகும். அதற்குள், மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் கார் 93 மீட்டர் வந்துவிடும். நின்ற இடத்திலிருந்து கிளம்பி வேகம் பிடிக்க ஆகும் ஓரிரு விநாடியையும் சேர்த்தால், கடக்க நினைப்பவருக்கு இரு பக்கமும் ஏறக்குறைய 140 மீட்டர் சாலை காலியாகத் தெரிய வேண்டும். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில், சீமைக்கருவேலம் தார் விளிம்புவரை சாய்ந்து நிற்கும் வளைவுகளில் அவ்வளவு பார்வை கிடைப்பது அபூர்வம். அதிலும் வீல்சேரில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஓரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றால் போதும், எதிரில் வருவது எதுவும் தெரியாது.

இதே வண்டியை, "மெதுவாப் போனாத்தான் நல்லது" என்று வீட்டார் பாதி வேகத்தில் வைத்துவிட்டார்கள் என்று கொள்வோம். கடக்க எட்டு விநாடிக்கு மேல் ஆகும்; கார் 187 மீட்டர் வந்திருக்கும். வீட்டுக்குள்ளும் மருத்துவமனை வராந்தாவிலும் காப்பாற்றுகிற அதே மெதுவேகம், சாலையின் நடுவில் ஆளை ஆபத்தில் நிறுத்தி வைக்கிறது.

பேட்டரி வீல்சேர் ஓட்டுபவரின் பாதுகாப்பைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு பெரும்பாலும் "வேகத்தைக் குறை, பார்த்துப் போ" என்பதோடு முடிந்துவிடுகிறது. ராமநாதபுரம் கடலோரத்தை வைத்துப் பார்த்தால் அந்த இரண்டும் போதாது என்பதே என் கட்சி. வண்டியை ஆளுக்கேற்பத் திருத்தி அமைப்பது ஒரு வேலை. ஆளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பது இன்னொரு வேலை. இரண்டையும் செய்ய வேண்டியவர் யார் என்பதே இங்கே இன்னும் முடிவாகவில்லை.

முதலில், இதை ஓட்டுபவர்கள் யார்? கையில் நல்ல வலு உள்ளவர்கள் பெரும்பாலும் கையால் தள்ளும் வீல்சேரையோ, பக்கவாட்டில் இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரையோ எடுத்துக்கொள்கிறார்கள். ஜாய்ஸ்டிக் என்ற சின்னக் குச்சியால் ஓட்டும் பேட்டரி வீல்சேர், கையிலும் வலுக் குறைந்தவர்களுக்கானது. தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள், மூளை முடக்குவாதம் உள்ளவர்கள், கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர்கள். பனையேறிப் பிழைக்கிற ஊர்களில் கடைசி வகையைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இத்தகையவர்களுக்கு மின்கலத்தால் இயங்கும் சக்கர நாற்காலியை இலவசமாகவே கொடுக்கிறது. அது பெரிய உதவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டி சாய்ந்தால் காலை ஊன்றவோ, குதித்து விலகவோ, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கவோ முடியாதவர்களுக்குத்தான் இந்த வண்டி போய்ச் சேர்கிறது. தவறு நடந்தால் திருத்திக்கொள்ள அவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம் மற்றெல்லாரையும்விடக் குறைவு.

(சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி 2021இல் வெளிவந்த நியோபோல்ட் போன்றவற்றை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வீல்சேரின் முன்னால் மாட்டுகிற மோட்டார் வண்டி. மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும். அதை ஓட்டக் கையில் வலு வேண்டும். அதன் பாதுகாப்பு ஸ்கூட்டர் பாதுகாப்புக்கு நெருக்கமானது, தனிக் கதை.)

எந்த ஓரம்?

நடைபாதை இல்லாத சாலையில் வீல்சேர் எந்தப் பக்கம் போக வேண்டும்? எளிய கேள்விபோலத் தோன்றும். நம்மைப் போலவே இடதுபக்கம் வண்டி ஓட்டுகிற இரண்டு நாடுகள் இதற்கு நேர் எதிரான பதில்களைச் சொல்கின்றன. ஜப்பானில் பேட்டரி வீல்சேரின் உச்ச வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர். சட்டப்படி அதில் போகிறவர் பாதசாரி. நடைபாதை இல்லாத இடத்தில் பாதசாரி வலது ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி போக வேண்டும் என்பதால் வீல்சேரும் அப்படியே. பிரிட்டனில் மணிக்கு 4 மைல் வண்டி, 8 மைல் வண்டி என்று இரண்டு வகை உண்டு. இரண்டாவது வகையைச் சாலையில் ஓட்டலாம், அதற்குப் பதிவும் விளக்கும் வேண்டும். அங்கே சாலையில் இறங்க நேர்ந்தால், மற்ற வண்டிகள் போகும் திசையிலேயே போ என்பதுதான் அறிவுரை. இரவில் விளக்கோடு எதிர்த்திசையில் வந்தால் ஓட்டுநர்கள் குழம்பிப்போவார்கள் என்பது அதற்கு ஒரு காரணம்.

நம் கடலோரத்துக்கு எது பொருந்தும்? பின்னால் திரும்பிப் பார்க்க முடியாதவருக்கு, கண்ணாடியும் இல்லாத வண்டியில், பகலில் வலது ஓரமே மேல். பின்னாலிருந்து உரசிக்கொண்டு போகும் வேனை அவரால் கடைசிவரை பார்க்கவே முடியாது. எதிரே வருவதையாவது பார்த்து நிறுத்தலாம். டூவீலர் கண்ணாடி ஒன்றைக் கைப்பிடியில் கிளாம்ப் போட்டு மாட்டிவிட்டால் இடது ஓரமும் சரிதான். தெருவிளக்கு இல்லாத இடங்களில் இரவில் போகாமலிருப்பது நல்லது. போயே ஆகவேண்டுமென்றால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, முதுகுப் பக்கம் ஒளியை எதிரொளிக்கும் பட்டை, மூன்றும் வேண்டும். பகலிலும் ஒரு நீளக் கம்பியில் ஆரஞ்சுக் கொடி கட்டிக்கொள்வது நல்லது. நின்றிருக்கும் காருக்குப் பின்னாலிருந்து வீல்சேர் வெளிவருவதை மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுப்பது அந்தக் கொடி ஒன்றுதான்.

விளிம்பு

வீல்சேரில் ஸ்டீயரிங் கிடையாது. இரண்டு பெரிய சக்கரங்களுக்கும் தனித்தனி மோட்டார். ஒரு பக்கத் துடுப்பை மட்டும் வலித்தால் வள்ளம் திரும்புவதுபோல, ஒரு மோட்டார் கூடுதலாகச் சுழன்றால் வண்டி மறுபக்கம் திரும்பும். சின்னச் சக்கரங்கள் சும்மா சுழன்று பின்தொடர்பவை. இதனால் சொந்த இடத்திலேயே வட்டமடிக்க முடிகிறது, ஒரு சின்னச் சமையலறையில்கூடத் திரும்ப முடிகிறது. ஆனால் இதே அமைப்புக்கு ஒரு பலவீனம் உண்டு, அது பக்கச்சரிவு.

மழைநீர் வடிவதற்காகத் தார்ச்சாலை நடுவிலிருந்து ஓரத்துக்கு 2 முதல் 2.5 சதவீதம் சரிவாகப் போடப்படுகிறது. நடப்பவருக்கு இது தெரியவே தெரியாது. நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும், பின்சக்கரத்தில் மோட்டார் வைத்த வீல்சேருக்கு நன்றாகத் தெரியும். உட்கார்ந்திருப்பவரின் எடை மோட்டார் சக்கரங்களின் அச்சுக்கு முன்னால் விழுகிறது. முன்னால் இருப்பதோ கட்டுப்பாடில்லாத சின்னச் சக்கரங்கள். ஆகவே வண்டியின் மூக்கு தானாகவே பள்ளத்தை, அதாவது சாலை விளிம்பை நோக்கித் திரும்பப் பார்க்கும். ஓட்டுபவர் ஜாய்ஸ்டிக்கைச் சாலை நடுப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். தசைச்சிதைவு உள்ள ஒருவர் இப்படி அரைக் கிலோமீட்டர் பிடித்தாலே விரல் சோர்ந்துவிடும். சோர்ந்த நொடியில் வண்டி விளிம்புக்கு ஓடும்.

விளிம்பில் என்ன இருக்கிறது? பழைய தாருக்கு மேல் புதுத் தார், அதற்கு மேல் இன்னொன்று என்று போட்டுப்போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது. பக்கத்து மண் அப்படியே கிடக்கிறது, அல்லது மழையில் அரித்துப் போயிருக்கிறது. பல இடங்களில் தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே நாலு விரற்கடை இறக்கம். சைக்கிள்காரர் தடுமாறிச் சமாளித்துவிடுவார். வீல்சேரின் சின்னச் சக்கரம் அந்த இறக்கத்தில் விழுந்தால் வண்டி சட்டென்று நிற்கும், அல்லது பக்கவாட்டில் கவிழும். நாற்காலியும் ஆளும் பேட்டரியும் சேர்ந்து 150 கிலோ சர்வசாதாரணம். அது ஆளின் மேலேயே விழுகிறது.

முன்சக்கரத்தில் மோட்டார் வைத்த வண்டியில் கதை தலைகீழ்: எடை அச்சுக்குப் பின்னால் இருப்பதால் பின்பக்கம் பள்ளத்துக்கு நழுவி, மூக்கு சாலை நடுவை நோக்கித் திரும்பும். நடுச்சக்கரத்தில் மோட்டார் வைத்தது நேராகப் போகும். ஆனால் குழியில் முன்னும் பின்னும் உள்ள சின்னச் சக்கரங்கள் மேட்டில் ஏறி நின்றுகொண்டால், நடுச்சக்கரம் தரையைத் தொடாமல் வெறுமனே சுற்றும். எதை வாங்கினாலும் ஒரு குறை உண்டு. எந்தக் குறை தன் தெருவுக்கு ஒத்துப்போகும் என்று பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். இலவசமாக வரும்போது அந்தத் தேர்வே கையில் இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

அதனால்தான் பழகியவர்கள் விளிம்பை ஒட்டிப் போவதில்லை. ஒரு மீட்டர் உள்ளே தள்ளித்தான் போகிறார்கள். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள், "ஓரமாப் போக வேண்டியதுதானே" என்பார்கள். ஓரத்தில் போகச் சொல்கிறவர் அந்த நாலு விரற்கடை இறக்கத்தைப் பார்த்ததில்லை. 2017இல் மத்திய அரசு வெளியிட்ட வாகன ஓட்டு நெறிமுறைகள், பாதசாரிகள், சைக்கிளில் செல்வோர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரிடம் ஓட்டுநர்கள் தனிக் கவனம் காட்ட வேண்டும் என்கின்றன. அந்தக் கவனத்தை எதிர்பார்த்து ஒரு மீட்டர் இடம் எடுத்துக்கொள்வது அத்துமீறல் ஆகாது.

மணலுக்கு வேறு கணக்கு. தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் புதுச்சாலை 2017இல் திறக்கப்பட்டது. இரண்டு பக்கமும் கடல். காற்று அடிக்கிற காலத்தில் தார்மேல் மணல் நாக்குபோல் நீண்டு கிடக்கும். பின்சக்கர வண்டியின் முன்னால் உள்ள சின்னச் சக்கரங்கள் அதில் புதைந்து அணை கட்டிவிடும். பின்சக்கரம் சுற்றச்சுற்ற இன்னும் ஆழமாகப் புதையும். சின்ன மணல்திட்டு என்றால் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கிக் கடப்பதுதான் வழி. பெரிய சக்கரம் முன்னே போகும், சின்னது இழுபட்டு வரும். ஆனால் இதைப் பின்னால் வண்டி வருகிறதா என்று சொல்ல ஒரு ஆள் இல்லாமல் செய்யக் கூடாது. புதைந்துவிட்டால் மோட்டாரை முறுக்காமல் நிறுத்திவிட வேண்டும். சூடேறினால், மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் தானே அணைந்துவிடும், நடுச்சாலையில் அது இன்னும் மோசம்.

பிரேக்கைப் பற்றித் தெரியாதவை

ஜாய்ஸ்டிக்கை விட்டால் வண்டி நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். எப்படி நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது. முதலில் கன்ட்ரோலர் மோட்டாரின் சுழற்சியைக் குறைத்து வண்டியை நிறுத்தும். பிறகு மின்காந்த பிரேக் பிடித்துக்கொள்ளும். இந்த பிரேக் நாம் நினைப்பதற்கு நேர்மாறானது. மின்சாரம் வந்தால்தான் விடும், மின்சாரம் நின்றால் பிடிக்கும். சரிவில் பேட்டரி தீர்ந்தாலும் வண்டி உருண்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

இதன் மறுபக்கம் என்னவென்றால், உச்சிப்புளிக் கடைத்தெரு நடுவில் ஒரு வயர் கழன்றாலும் வண்டி ஆணியடித்ததுபோல் நின்றுவிடும். நாலு பேர் ஓடிவந்து தள்ளுவார்கள், அசையாது. தூக்கிப் பார்ப்பார்கள், கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் கைப்பிடி தனியே கழன்று வரும், அது கழற்றி மாட்டுகிற கைப்பிடி. செய்ய வேண்டியது ஒன்றே: மோட்டார் பக்கத்தில் உள்ள லிவரைத் திருப்பினால் பிரேக் விடுபட்டு, சாதாரண வீல்சேர் மாதிரி தள்ளிக்கொண்டு போகலாம். பெரும்பாலான வண்டிகளில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்கும். அந்த லிவர் எங்கே என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், பக்கத்துக் கடைக்காரரும், பள்ளிக்குப் போகும் பிள்ளையென்றால் வகுப்பு நண்பர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். லிவருக்கு மேல் சிவப்புப் பெயின்ட் அடித்து, "தள்ள இதைத் திருப்பவும்" என்று தமிழில் எழுதி ஒட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் லிவரைத் திருப்பிய வண்டிக்கு பிரேக் என்று ஒன்றும் கிடையாது. 1988இல் திறந்த பாம்பன் சாலைப்பாலம் 2.345 கிலோமீட்டர் நீளம். அடியில் படகு போவதற்காக நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிகிறது. அதுபோன்ற சரிவில் ஒருவர் மட்டும் லிவரைத் திருப்பிவிட்டால் 150 கிலோ கையை மீறி ஓடும். சரிவில் நின்றுபோன வண்டியை, குறைந்தது இரண்டு பேர் இறுகப் பிடித்த பிறகே விடுவிக்க வேண்டும். தள்ளி முடித்ததும் லிவரைப் பழையபடி திருப்ப மறக்கவும் கூடாது.

அதே பாலத்தில் இன்னொன்றும் இருக்கிறது, காற்று. பக்கத்திலிருந்த பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைப்பார்கள். வீல்சேருக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. வெயிலுக்காக நாற்காலியில் குடையைக் கட்டிக்கொண்டு போகும் வழக்கம் உண்டு. ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது அந்தக் குடையை மடக்கி வைத்துவிடுவது நல்லது. குடையில் காற்றுப் பிடித்தால் ஜாய்ஸ்டிக்கில் பிடிக்கிற திசை ஒன்று, வண்டி போகிற திசை ஒன்று.

உப்பும் முள்ளும் தினசரித் தொல்லைகள். சீமைக்கருவேல முள் செருப்பையே துளைக்கும். காற்றடைத்த டயர் எம்மாத்திரம். பங்ச்சர் ஆகாவிட்டாலும் ஒரு டயரில் காற்றுக் குறைந்தால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும், சாலைச் சரிவோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். கெட்டி டயரோ, உள்ளே ஃபோம் நிரப்பியதோ போட்டால் முள் பயமில்லை. ஆனால் குலுக்கல் கூடும், குலுக்கினால் சிலருக்குத் தசை இறுகி வெட்டி இழுக்கும். இந்தக் கடலோரத்துக்கு மோட்டார் சக்கரங்களில் கெட்டி டயரும் இருக்கையில் நல்ல குஷனும் போடுவதே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. உப்புக் காற்று பேட்டரி முனைகளிலும் வயர் இணைப்புகளிலும் பச்சைப் பூச்சாகப் படியும்; துடைத்து வாசலைன் தடவினால் தாங்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஜாய்ஸ்டிக்கின் அடியில் உள்ள மடிப்பு ரப்பர். வெயிலில் வெடித்து அதற்குள் மணலோ தண்ணீரோ போனால், கையை எடுத்த பிறகும் குச்சி நடுவுக்குத் திரும்பாது. அதாவது வண்டி நிற்காது. தினமும் காலையில் ஒருமுறை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஓடும்போது குச்சி சிக்கிக்கொண்டால் பவர் பட்டனை அணைப்பதே கடைசி வழி. அணைத்தால் வண்டி உடனே இறுகி நிற்கும், இடுப்பு பெல்ட் போடாதவர் முன்னால் விழுவார்.

மழைக்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மோட்டார் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிற வண்டியைத் தேங்கிய தண்ணீரில் இறக்கக் கூடாது, அவ்வளவுதான். மீன் வண்டிகளிலிருந்து ஒழுகும் உப்புநீர் மழையில்லாத நாளிலும் வழுக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

உள்ளே இருக்கும் எண்கள்

இனிச் சொல்வதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். வீல்சேரின் கன்ட்ரோலருக்குள் சில எண்கள் பதிந்திருக்கும்: முன்னோக்கிய உச்ச வேகம், பின்னோக்கிய வேகம், திரும்பும் வேகம், எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கும், எவ்வளவு சீக்கிரம் நிற்கும், கைநடுக்கத்தை எவ்வளவு பொருட்படுத்தாமல் விடும். ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரிகிற வேகப் பட்டன் இவற்றில் ஒருசிலவற்றை மட்டுமே மாற்றும். மீதியை மாற்ற விற்பனையாளரிடம் இருக்கும் புரோகிராமர் என்ற சின்னக் கருவியோ, லேப்டாப்போ வேண்டும்.

பெட்டியிலிருந்து வெளிவரும் வண்டியில் தொழிற்சாலை வைத்த எண்களே இருக்கும். அவை சராசரி ஆளுக்கானவை. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமிக்குக் கை திடீரென்று வெட்டி இழுக்கும். அவளுக்கு வேகம் பிடிப்பதையும் திரும்புவதையும் மந்தமாக்கி, நடுக்கம் வடிகட்டுவதைக் கூட்ட வேண்டும். தசைச்சிதைவு உள்ள இளைஞருக்கோ நேர்மாறு. அவரால் குச்சியை முழுத் தூரம் தள்ள முடியாது; கொஞ்சம் தள்ளினாலே முழு வேகம் வரும்படி எண்ணை மாற்றாவிட்டால், எவ்வளவு முயன்றாலும் அவருக்குப் பாதி வேகம்தான் கிடைக்கும். சாலையை நாலு விநாடியில் கடப்பதற்குப் பதிலாக எட்டு விநாடியில் கடக்கிறவர் அவர்தான். இருவருக்கும் அரசு முகாமில் கிடைப்பது ஒரே வண்டி, ஒரே எண்கள். நோய் கூடக்கூட எண்களும் மாற வேண்டும். ஒருமுறை திருத்திவிட்டு விட்டுவிடக்கூடிய காரியமும் இல்லை.

வீட்டுக்குள் ஒன்று, வெளியில் ஒன்று என்று இரண்டு மூன்று தொகுப்புகளைப் பதிந்துவைக்கும் வசதி பல கன்ட்ரோலர்களில் உண்டு. அது பயன்படாமலே கிடக்கிறது.

உட்காரும் விதமும் இதோடு சேர்ந்ததுதான். இடுப்பு முன்னால் சறுக்கினால் தோள் சாயும், தோள் சாய்ந்தால் கை ஜாய்ஸ்டிக்கை இழுக்கும். குண்டுகுழிச் சாலையில் உடம்பு குலுங்க, கை குலுங்க, குச்சி குலுங்க, அதனால் வண்டி இன்னும் குலுங்கும். முழங்கைக்குச் சரியான தாங்கலும் பக்கத்துக்கு ஒரு திண்டும் வைத்தால் இந்தச் சங்கிலி அறுபடும். பின்கைப்பிடியில் மாட்டும் சுமையும் கணக்கில் சேரும். தண்ணீர்க் குடத்தையோ அரிசிப் பையையோ அங்கே தொங்கவிட்டு ரேம்ப் ஏறினால் வண்டி மல்லாக்கச் சாயப் பார்க்கும். ரேம்ப் 1:12 சரிவில் இருக்க வேண்டும் என்பது விதி. 45 சென்டிமீட்டர் உயரத் திண்ணைக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். கணக்குக் காட்டுவதற்காக இரண்டு மீட்டரில் கட்டிய ரேம்ப்கள் இருக்கின்றன. அவற்றில் பேட்டரி வீல்சேர் ஏறாமல் திரும்புவதே மேல்.

பயிற்சி யார் பொறுப்பு?

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் வீல்சேர் கொடுப்பதை நாலு படியாகப் பிரிக்கின்றன: தேர்வு, பொருத்துதல், பயிற்சி, தொடர் கவனிப்பு. முகாமில் கையெழுத்து வாங்கி, சாவியைக் கொடுத்து, படம் பிடித்து அனுப்பும் முறையில் முதல் படியே பாதிதான் நடக்கிறது.

சட்டத்திலும் இங்கே ஓர் ஓட்டை. மாற்றுத்திறனாளிகள் உரிமை குறித்த ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதன் 20ஆவது பிரிவு, நடமாடும் திறனில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களோடு பணியாற்றும் வல்லுநர்களுக்கும். அதை ஒட்டி வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41ஆவது பிரிவு தனிநபர் நடமாட்டத்தைப் பற்றிப் பேசும்போது சலுகைகள், வாகனங்களைத் திருத்தியமைத்தல், நடமாட்ட உதவி என்று மூன்றை அடுக்குகிறது. பயிற்சி அதில் இல்லை. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விடாமல் கட்டாயமாக்கச் சொன்னது. மிக நல்ல தீர்ப்பு. ஆனால் அது கட்டடத்தையும் சாலையையும் பேருந்தையும் திருத்துகிற தீர்ப்பு. வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சரிவில் எப்படி இறங்குவது என்று அது கற்றுக்கொடுக்காது.

கற்றுக்கொடுக்கும் முறைகள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவையும் அல்ல. கனடாவின் டல்ஹவுசிப் பல்கலைக்கழகத்தில் உருவான வீல்சேர் திறன் பயிற்சித் திட்டத்தில், பேட்டரி வண்டிக்கும் உடன் இருப்பவருக்கும் தனித்தனிப் பாடங்கள் உண்டு. தமிழ்நாட்டில், விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்து வீல்சேரிலிருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியில் 1966இல் வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மையம் தொடங்கியது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கமும் பல பத்தாண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறது. ஆனால் மூக்கையூரிலிருந்தோ தங்கச்சிமடத்திலிருந்தோ ஒருவர் பயிற்சிக்காக அவ்வளவு தூரம் போய்வருவது நடக்காத காரியம். பயிற்சிதான் ஊருக்கு வர வேண்டும். இடத்துக்குப் பஞ்சமில்லை. கடலோரத்தில் கட்டியிருக்கும் புயல் பாதுகாப்பு மையங்கள் வருஷத்தில் பெரும்பாலான நாள் பூட்டிக் கிடக்கின்றன. ரேம்ப் உள்ளதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டால் மேடு, சரிவு, கதவு, வாசற்படி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். முதலில் "நில்" என்றதும் நிற்கப் பழக்க வேண்டும். அப்புறம் நேராகப் போவது, பின்னால் வருவது, திரும்பும்போது காலடிப் பலகை எவ்வளவு வெளியே வீசும் என்று தெரிந்துகொள்வது. பக்கச்சரிவில் குச்சியைப் பிடிப்பது அதற்குப் பிறகு. சாலையைக் கடப்பது கடைசிப் பாடம். அதை வேகமான வெளித் தொகுப்பில்தான் பழக்க வேண்டும்.

தானாகவே தடையைக் கண்டு நிற்கும் சென்சார் வண்டிகளைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. ஒலியலை, லேசர், கேமரா என்று ஆராய்ச்சி நிறையவே நடக்கிறது. சுவரையும் மேசையையும் கண்டுபிடிப்பது அவற்றுக்கு எளிது. கீழே இறங்கும் பள்ளத்தைக் கண்டுபிடிப்பது கடினம். நம் சாலையின் ஆபத்து அந்த இரண்டாவது வகை. இப்போதைக்குக் கண்ணாடியும் கொடியும் அதைவிட அதிகம் காப்பாற்றும்.

ஆளை வண்டியோடு சேர்த்து லோடு ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீல்சேரின் பிரேக், ஓடுகிற ஆட்டோவில் அதை நிறுத்திவைக்கப் போதாது. நாலு மூலையிலும் சட்டத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும், கைப்பிடியிலோ சக்கரத்திலோ கட்டக் கூடாது, ஆளுக்குத் தனி பெல்ட் வேண்டும். முடிந்தால் ஆளை வண்டியின் இருக்கைக்கு மாற்றி, வீல்சேரைத் தனியே கட்டுவது இன்னும் நல்லது.

கடைசியாக, பழுது பார்ப்பவர்கள். ராமநாதபுரத்திலும் ராமேஸ்வரத்திலும் பேட்டரிக் கடைக்காரரும் மின்சார ஸ்கூட்டர் மெக்கானிக்கும் இருக்கிறார்கள். மோட்டார், பேட்டரி, வயரிங் அவர்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. இல்லாதவை இரண்டு: அந்த வண்டிக்கான புரோகிராமர், பழுதுக் குறியீடுகளின் விளக்கம். ஜாய்ஸ்டிக் பெட்டியில் விளக்கு ஆறு முறை மின்னினால் என்ன அர்த்தம் என்று சொல்லும் ஒரு பக்கத் தாள் கையில் இருந்தால், கழன்ற வயருக்காக ஒரு வண்டி மாதக்கணக்கில் மூலையில் நிற்க வேண்டியதில்லை. அரசு வண்டி வாங்கும் ஒப்பந்தத்தில், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு புரோகிராமரை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விட்டுவைக்க வேண்டும், உள்ளூர் மெக்கானிக் இருவருக்குப் பயிற்சி தர வேண்டும், கொடுத்த மூன்றாம் மாதம் வந்து எண்களைத் திருத்த வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வண்டி கேட்டு மனு எழுதுகிறவர்கள் இந்த மூன்றையும் சேர்த்து எழுதலாம். ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர்கள் எண்களைத் திருத்தித் தரும்படி தனி மனுவே கொடுக்கலாம்.